குழம்புக்கு இல்லை

அக்கா,

இன்று காலை கொத்தமல்லி தேடி ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டியை இழுத்தேன். அடியில் ஒரு காக்கிக் காகிதப் பை. மேலே ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில் உங்கள் கையெழுத்து: "குழம்புக்கு இல்லை." நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

நம்மைக் கட்டிய அண்ணனும் தம்பியும் தனிக்குடித்தனம் பிரியவே இல்லை என்பதால் நாம் இருவரும் இருபத்தாறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். அதில் இருபத்திரண்டு வருடம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு நீங்கள் மகனைப் பார்க்க இங்கிலாந்து போனீர்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பியவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். ஏதோ பூங்கா. புல்வெளி முழுக்க மஞ்சள் பூ. "டாஃபோடில் புள்ள. பாத்தி கட்டல, ஒண்ணும் கட்டல. புல்லுலயே அதுபாட்டுக்கு வருது. நம்ம வூட்டு முன்னாடியும் புல்லு இருக்குதில்ல?"

"இது பாலக்கோடுக்கா. தக்காளி வேணா வரும். இதுக்குக் குளிர் வேணாமா?"

"ஃப்ரிட்ஜ் எதுக்கு இருக்குது?"

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். கிழங்குகளை எங்கிருந்தோ தபாலில் வரவழைத்து, பத்து வாரம் குளிரில் இருக்கட்டும் என்று காய்கறிப் பெட்டியில் போட்டு வைத்தீர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீபாவளிக்கு மறுநாள் நான் காரக்குழம்பு வைத்தேன். சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக நாலு கிடைத்தது. உரிக்கும்போது கண்ணில் தண்ணீரே வரவில்லை. நல்ல ஜாதி போல என்று நினைத்து உரித்துப் போட்டேன்.

ஆண்கள் இருவரும் முதலில் சாப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் கிணற்றடியில் ஒருவர், வாசலில் ஒருவர் என்று குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருவருக்கும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. வராந்தாவில் நின்று நீங்கள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை போட்ட?"

புருஷன் படுத்துக்கிடக்கும்போது கிழங்குக்குக் கணக்குப் பார்க்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர் கேட்டாரு புள்ள" என்று பிறகு சொன்னீர்கள். நான் நம்பவில்லை. மறுநாளே இருவரும் எழுந்து இட்லி கேட்டார்கள். நான்தான் நாலு மாதம் உங்களோடு பேசவில்லை. ஒரே அடுப்பின் முன்னால் இரண்டு பேர் பேசாமல் நிற்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கும் தெரியும். பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சியைக் கட்டிலருகே வைத்து, "உப்புப் போட்டிருக்குது" என்றீர்கள். சரி என்றேன். அப்படித்தான் பேச்சு வந்தது.

உங்களுக்குப் புத்தி மட்டும் வரவில்லை. வருடா வருடம் கிழங்கு வந்தது, இந்த எச்சரிக்கைப் பையோடு. மார்கழி முடியும்போது வாசலில் நின்று கை நிறைய அள்ளிப் புல்லில் வீசுவீர்கள். விழுந்த இடத்திலேயே நட வேண்டுமாம். வந்ததெல்லாம் இலைதான். அந்த இலையையும் யாரும் வெட்டக்கூடாது. "அது தானாப் பழுக்கணும் புள்ள. இலைதான் கிழங்குக்குச் சோறு போடுது." புல் முழங்கால் உயரம் நின்றது. என் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தலைத் தெருவில் போட்டோமே, மறந்துவிட்டீர்களா? சம்பந்தி வீட்டார் அந்தப் புல்லைப் பார்த்து, "மாடு கீடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுத்தேன்.

இந்த வருடமும் ஐப்பசியில் பையை உள்ளே வைத்தீர்கள். கார்த்திகையில் ஒரு நாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பையைக் குப்பையில் போடத்தான் எடுத்துப் போனேன். வாசல் நாற்காலியில் உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு மாதத்தில் அவர் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பையைப் பார்த்ததும் எழுந்து போய்க் களைக்கொத்தோடு வந்தார். அவர் புல்லைக் கிளறிக் குழி பறித்தார், நான் கிழங்கை வைத்தேன்.

"கூர் மேல இருக்கணும்மா."

"தெரியும் மாமா" என்றேன். தெரியாது.

நாலைந்து குழி போனதும் அவர் கேட்டார்: "மொத வருசம் பூத்துச்சே, அதப் பாத்தியா?"

"எங்க மாமா பூத்துச்சு? இலைதான வந்துச்சு."

"ஒண்ணே ஒண்ணு பூத்துச்சு. நீ பேசாம இருந்தப்ப. மாசி வெயிலு, வாடிருமேன்னு காலையில இருந்து குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கூப்பிட்டுக் காட்டேன்னு சொன்னேன். 'அவளா வந்து பாக்கட்டும்'னா. பொழுது சாயிற வரைக்கும் நின்னா. வேற யாருக்கும் காட்டல."

அந்தக் குடை எனக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. சமையலறை ஜன்னலில் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். என்னைக் கடுப்பேற்றத்தான் நிற்கிறீர்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

ஒரு குரல் கொடுத்திருந்தால் என்ன? "ஏ புள்ள" என்று ஒரு சத்தம். பத்தடி தூரம். அதன் பிறகாவது, கஞ்சி கொடுத்த அன்றாவது, இத்தனை வருடத்தில் வெங்காயம் உரிக்கும்போது ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே! அவ்வளவு வீம்பா உங்களுக்கு? கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

பூ எப்படி இருந்தது என்று மாமாவைக் கேட்டேன். "மஞ்சளுதான். நடுவுல கொஞ்சம் ஆரஞ்சு" என்றார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். உங்கள் வீம்பையும் என் வீம்பையும் சேர்த்து இப்போது நான் ஒருத்தியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.