சீனன்குடாவில் பறக்காத விமானம்

சீனன்குடா,
1959 ஆவணி.

அன்புக்குரியவளே,

கந்தளாயில் மாமி சுகமா?

வெள்ளைக்காரன் விட்டுப்போன பயிற்சி விமானம் திரும்ப ஆடுது. அது பறக்காது, நிண்ட இடத்தில் சரியும், சுத்தும். உம்மட அண்ணர் சிரிச்சால் சிரிக்கட்டும். விமானத்தைக் காத்தால் ஆட்டுற, கிழிஞ்ச துருத்திகளை நான்தான் ஒட்டினனான். ஞாயிறு சனம் பார்க்கத் திறக்கிறம்.

ஓட்டுறவன் உள்ளே இருக்க, மூடியை மூடிவிடுவம். வெளியே மேசையில் இருக்கிறவர் சொல்லுறது அவன்ர காதில் விழும். அவன் திருப்பிக் கதைக்கிற மைக்கைப் பொருத்த, கூட வேலை செய்யிற பாயிஸ் வந்தவன். ஞாயிறு கழியட்டும் எண்டு தடுத்துப்போட்டன்.

முதல் ஆளாய் நான் ஏறுறன். மேசைக் கதிரை உமக்கு. அண்டைக்குப் பெட்டியோட வாசலில் நிண்டு நீர் பாதியில் விட்ட கதையை ஆறுதலாய், முழுக்கச் சொல்லும்.

சொல்லி முடிச்சபிறகு மூடியைத் திறந்தால் போதும்.

வழி பார்த்திருக்கும்,
உம்மட அவர்