வயரைப் பிடுங்கினது யார்

வெள்ளவத்தை, 14 ஒக்டோபர் 2008, செவ்வாய்

பல நாட்டு ஆட்கள் சேர்ந்து சும்மா எழுதிக் கொடுக்கிற எங்கட எடிட்டர் மென்பொருளுக்கு, ஜெர்மனியிலிருந்து ஒருவன் நிரலைத் துப்புரவாக்கும் திருத்தம், பட்ச் ஒன்று அனுப்பியிருந்தான். பார்த்து ஏற்கிறதா இல்லையா என்று சொல்வது என் பொறுப்பு. வேலை நல்ல சுத்தம். ஆனால் அதில், தட்டச்சு செய்வதைத் தானாகவே சேமித்து வைக்கும் பழைய பகுதியையும் வெட்டிவிட்டிருந்தான். "சேமிக்காமல் வயரைப் பிடுங்கிறது யார்?" என்று கேள்வி வேறு.

பின்னேரம் முழுக்க அதே எடிட்டரில் அவனுக்குப் பதில் எழுதினேன். முடிக்கும் நேரம் வீட்டுக்கார அன்ரி கதவைத் தட்டினா.

"பிள்ளை, பொலிஸ் செக்கிங்குக்கு வந்திருக்கினம். ஐடென்டியும் பொலிஸ் பதிவும் எடுத்துக்கொண்டு கெதியா கீழ வாங்கோ."

திரை நிறையக் குறியீடுகளும் எண்களும். பக்கத்து அறையில் இருந்த ரமணனிடம் போன மாதச் செக்கிங்கில் இப்படியான திரையைக் காட்டித்தான் என்னவென்று கேட்டார்கள். அவரைப் பற்றி இன்றைக்கு எழுத வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறங்கினேன்.

வந்தவர்கள் மேலே ஏறவேயில்லை. திரும்பி வந்து கணினியைப் போட்டேன். எழுதினது கடைசி வரிவரை அப்படியே இருந்தது. அவன் வெட்டச் சொன்ன, என் கணினியில் இன்னும் வெட்டாத பகுதிதான் காப்பாற்றியிருக்கிறது.

நீளமான பதிலை நானே அழித்தேன். இந்தப் பகுதியை எடுக்க விடமாட்டேன் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்லுவேன். அந்த எடிட்டர்க் குழுவில் ஒருநாளும் பெயரின் முதலெழுத்துகளுக்கு மேல் நான் போட்டதில்லை. இன்றைக்கு அவனுடைய கேள்விக்குக் கீழே "நான்" என்று எழுதி, என் முழுப்பெயரையும் போட்டேன்.