பதின்மூன்றாவது நகரம்

ஜூன் 3

அன்புள்ள மகனுக்கு,

பதின்மூன்றாவது நகரத்தைக் கட்டியது யார்? நான் கட்டவில்லை.

அப்பா போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கணினியில் உன்னோடு ஆடிவந்த இந்த நாடு கட்டும் ஆட்டத்தை ஐந்து மாதமாக ஆடுகிறேன். ஒரு சுற்று நான், ஒரு சுற்று நீ. விதிகளைச் சொல்லிக்கொடுத்தவன் நீ. பன்னிரண்டு நகரம் வரை நாடு தாங்கும். ஒன்று கூடினாலும் எல்லா ஊரிலும் ஊழல் ஏறும். தலைநகரை விட்டுத் தள்ளிப் போகப் போக, விளைந்தது வந்து சேராது.

நேற்று வரைபடத்தின் கடைசி முனையில் ஒரு புது ஊர். மக்கள்தொகை ஒன்று. விளைவதெல்லாம் ஊழலுக்கே போகிறது. அது வந்ததிலிருந்து தலைநகரான 'கூடம்', பக்கத்திலுள்ள 'சமையலறை' எல்லாவற்றிலும் தானியம் காணாமல் போகிறது. நகரங்களுக்கு நம் வீட்டு அறைகளின் பெயரை வைத்தது அப்பாதானே. இந்தப் புது ஊரின் பெயர் 'பையன் அறை'.

உன் குறும்பு என்றால் ஒத்துக்கொள். திட்டமாட்டேன்.

அம்மா

ஜூன் 9

அம்மா,

சத்தியமா நான் இல்ல. பழைய சுற்றையெல்லாம் திறந்து பார்த்தேன். அப்பா கடைசியா ஆடினப்போ ஒரு குடியேற்ற வண்டிக்கு, அந்த முனைக்குப் போய் ஊர் கட்டுன்னு உத்தரவு போட்டிருக்கார். பேரையும் எழுதி வச்சிருக்கார். சுற்றுக்கு ஒரு கட்டமா நாற்பது சுற்று அது பாட்டுக்கு நடந்திருக்கு. தானா நகர்றதை நீ பார்க்கிறதே இல்ல. எனக்கும் கண்ணு பிடரியில, நானும் கவனிக்கல.

அதைக் கலைச்சுடாதே. அவரைத் தூக்கினப்போதான் என்னால வர முடியல. இதாவது இருக்கட்டும். கலைச்சா நான் இனிமே ஆடல.

உன் பையன்

ஜூன் 15

அன்புள்ள மகனுக்கு,

காரணம் தெரிந்ததில் நிம்மதி. ஆனால் பன்னிரண்டு ஊரும் பட்டினி கிடக்கின்றன. இன்னும் பத்துச் சுற்றில் நாடே போய்விடும். ஒரு பிடி தானியம்கூட வந்து சேராத ஊருக்காக எத்தனை பேரைக் காயப்போடுவது? நாளை அதைக் கலைக்கப் போகிறேன்.

நாம் இருவரும் பேசிக்கொள்வதே இந்த ஆட்டத்தை வைத்துத்தான். கோபத்தில் எழுதாமல் இருந்துவிடாதே. எனக்கு அது ஒன்றுதான் பயம்.

அம்மா

ஜூன் 16

நேற்றைய கடிதத்தை அனுப்பவில்லை. இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கலைப்பதற்காகக் காலையில் ஆட்டத்தைத் திறந்தேன். ஊர் இல்லை. அந்த இடத்தில் ஒரு குடியேற்ற வண்டி நின்றது. ஒரே ஒரு ஆள் இருக்கும் ஊர் வண்டி செய்தால், ஊரே வண்டியேறிவிடும். அது விதி, புரிகிறது. ஆனால் அவ்வளவு ஊழலில் ஒரு வண்டி செய்து முடிக்க முப்பது சுற்றாவது வேண்டும். ஊர் பிறந்து ஆறு சுற்றுதான் ஆகிறது. செய்யச் சொல்லி நான் உத்தரவு கொடுக்கவில்லை. அப்பா இருந்தபோது அந்த ஊரே இல்லை. நீ செய்தாயா என்று கேட்கப் போவதில்லை.

வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். போகுமிடம்: கூடம். மீதம்: நாற்பது சுற்று.

உத்தரவை ரத்து செய்திருக்கலாம். செய்யவில்லை. சுற்றை முடித்தேன். வண்டி ஒரு கட்டம் நகர்ந்தது.

மத்தியானம் உன் அறையில் நான் திருத்தி அடுக்கியிருந்த பழைய விடைத்தாள்களை வெளியே எடுத்துவிட்டு, தரையைத் துடைத்தேன்.

சேமித்த ஆட்டத்தை இத்துடன் அனுப்புகிறேன். முப்பத்தொன்பது. உன் முறை.

அம்மா