வாசிக்கப்படாத பெயர்

ஆம்பூர்
11.11.2025, செவ்வாய்

இன்பராஜ் அண்ணனுக்கு,

நாலரை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது போதும். நம் சபை வழக்கப்படி கடிதத்தின் தலையில் ஆண்டவர் பெயரால் ஒரு வாழ்த்து எழுத வேண்டும். எனக்கு அது வரவில்லை. நீங்கள் காட்பாடியில் உங்கள் மகன் வசந்த் வீட்டில் இருப்பதும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போவதும் தெரியும். ஆகவே நலமா என்று கேட்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடந்த மூன்று ஞாயிறும் ஆராதனையில் நோயாளிகள் பட்டியலை வாசித்தபோது உங்கள் பெயரை விட்டது மறதியால் அல்ல. சௌமியா ஜெபப் பெட்டியில் போட்ட சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. "இன்பராஜ், சிறுநீரகக் கோளாறு, ஜெபிக்கவும்." உங்கள் மகளின் கையெழுத்து அழகாக இருக்கிறது. அதை அவளுக்கு ஞாயிறு பள்ளியில் பழக்கியது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அவள் நிச்சயதார்த்தத்திலிருந்து தொடங்குகிறேன். 2021 ஏப்ரல் கடைசி. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கொரோனா உத்தரவு இருந்தது. நீங்கள் சபைச் செயலாளர். கேட்டைச் சாத்திவிட்டு நூற்றிருபது பேருக்கு இலை போட்டீர்கள். பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பேர் இருமினார்கள். "வேன்ல ஏசி ஜாஸ்தி, அதான்" என்று நீங்களே அவர்களுக்காகப் பதில் சொன்னீர்களாம். நான் வரவில்லை. என் மனைவி விஜயாவையும் போகாதே என்றேன். "சௌமியாவுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவ நான். நான் இல்லாம எப்படிங்க?" என்றாள். முந்தின நாளே வந்து உங்கள் வீட்டில் வெங்காயம் உரித்தாள். பந்தியில் பரிமாறியதும் அவள்தான்.

ஐந்தாம் நாள் காலை பின்கதவைத் திறந்து நின்றவள், "இன்னைக்கு தோல் ஷாப் லீவாங்க?" என்று கேட்டாள். லீவு இல்லை. தோல் பதனிடும் வழக்கமான நாற்றம் தெரு முழுக்க இருந்தது. இந்த ஊரில் நாற்பத்து நாலு வருடம் இருந்தவளுக்கு அது தெரியவில்லை. வேதியியல் படித்து, தோல் ஷாப் லேபில் இருபது வருடம் வேலை செய்கிறவன் நான். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சர்ச் பூட்டியிருந்தது. ஆராதனை போனில். ஜெபப் பெட்டியை உங்கள் வீட்டு கேட்டில் மாட்டியிருந்தீர்கள். விஜயகுமாரி என்று அவள் முழுப்பெயர் எழுதிய சீட்டை நானே வந்து போட்டேன். ஜன்னலில் நின்று பார்த்தீர்கள். நான் கும்பிட்டேன், நீங்கள் கை தூக்கினீர்கள். அந்த ஞாயிறு பதினாலு பெயர் வாசித்தீர்கள். ஒசூரில் கால் உடைந்த ஒருவருடைய பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை. ஏதோ தவறியிருக்கும் என்று நானே அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

அன்று மாலை எதிர்வீட்டு மஹ்பூபி நோன்புக் கஞ்சியைத் தூக்கில் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று கேட்டாள்: "இன்னா அண்ணே, எப்படி இருக்கா? எங்க துவாவுல நாலு நாளா அவ பேர் சொல்றேன். உங்க சர்ச்சுல சொன்னாங்களா?" சொன்னார்கள் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இன்றுவரை அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

இரண்டாம் ஞாயிறும் விட்டீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பெயரைச் சொன்னால், எங்கே தொற்றியது என்று சபை கேட்கும். செயலாளர் வீட்டுப் பந்தியில் என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

பட்டியல் முடிந்ததும், பெயர் சொல்லப்படாதவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போமே, அந்த நிமிடத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அவள் பயந்துபோயிருந்தாள். மூச்சு முட்டும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நகம் பதிந்த தடம் இருந்தது. நீங்கள் மௌனம் என்று சொன்னதும் அவள் கண்ணை மூடி, இழுத்து இழுத்து ஜெபித்தாள். "இயேசப்பா, இன்பராஜ் அண்ணனுக்கு பயம் தெளியணும்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு என் கையை விட்டாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. வேலூரில் ஆஸ்பத்திரி வார்டுக்குள் போகும்போதுகூட, தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறவள்போல, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மிச்சமிருந்த மூச்சை உங்களுக்குக் கொடுத்தாளே என்று கோபம்தான் வந்தது.

மூன்றாம் ஞாயிறு அவள் வார்டுக்குள்ளும் நான் கேட்டுக்கு வெளியேயும் ஒரே போன் லைனில் உங்கள் குரலைக் கேட்டோம். அன்றும் இல்லை. புதன்கிழமை போய்விட்டாள். சபைக்கு நீங்கள் அறிவித்தது என்ன? "சர்க்கரை நோயால் காலமானார்." அவளுக்குச் சர்க்கரை கிடையாது அண்ணா. பண்டிகைக்கு அதிரசத்தை என் பங்கையும் சேர்த்துத் தின்பவள்.

அடுத்த வருடம் நீங்கள் பதவியை விட்டதும், பட்டியல் வாசிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். பக்தியால் அல்ல. என் வாயிலிருந்து ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று. தாறுமாறாய்க் கிறுக்கிய சீட்டையும், விலாசம் தேடிப் போய்க் கேட்டு வந்து வாசித்திருக்கிறேன். அப்படி இருந்தவன் முதல்முதலாக விட்ட பெயர் உங்களுடையது.

இனித்தது. பொய் சொல்லமாட்டேன், முதல் ஞாயிறு நன்றாகவே இனித்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். இரண்டாம் வாரம் சௌமியா வந்தாள். "மாமா, அப்பா போனை மடியில வச்சிக்கிட்டே உக்காந்திருக்கார். நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரையும் பேச விடமாட்டேங்கறார்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மனதுக்குள், மூன்றுக்கு மூன்று என்றேன்.

போன ஞாயிறு மூன்றாவது. படுக்கையில் இருப்பவர்களுக்காக அந்த லைனை இன்னும் விட்டுவைத்திருக்கிறோம், ஸ்பீக்கரிலும் வைக்கிறோம். பட்டியலை முடித்து மௌனம் என்றேன். உங்கள் போனை நீங்கள் அணைக்கவில்லை. முதலில் இழுத்து இழுத்து வரும் மூச்சு கேட்டது. அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு மூச்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். பிறகு நீங்கள் சொன்னீர்கள், "விஜயகுமாரி" என்று. கொஞ்சம் விட்டு மறுபடியும், "விஜயகுமாரி."

சர்ச்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. யாரோ வயதானவர் உளறுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மூன்று ஞாயிறு நாங்கள் காத்திருந்த பெயர், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் நினைத்த ஒரு நிமிடத்தில் வந்தது. உங்களை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில் என் மணிக்கட்டை யாரோ பிடித்து, விட்டதுபோலவும் இருந்தது. அன்று வீட்டில், அவள் போன பிறகு முதல்முறையாக, முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் மனம் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு பொய். வரும் ஞாயிறு உங்கள் பெயரை முதலில் வாசிப்பேன். போனை மடியில் வைத்துக்கொண்டு, என் குரலில் அதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு மௌன நிமிடத்தில் லைனை நான் திறந்தே வைத்திருப்பேன். அவளுக்கு எந்த வீட்டில் தொற்றியது, எதனால் இறந்தாள் என்று சபைக்கு முன்னால் சொல்லுங்கள். இரண்டு வாக்கியம் போதும். அவள் உங்களுக்காகக் கேட்டது அது ஒன்றுதான், பயம் தெளிவது. அது உங்களுக்குக் கிடைக்கட்டும்.

என் முழுப்பெயர், படிப்பு, விலாசம் எல்லாம் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, வசந்த் கையெழுத்துப் போட்டு வாங்கிப் படிக்கட்டும் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். இப்போது சாதாரணத் தபாலில் சேர்க்கப் போகிறேன். நம் சபை ஜெபச் சீட்டில் யாருக்காக என்று எழுதுவோம், கேட்கிறவர் பெயரை எழுதுவதில்லை. இதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.