வயிறு கீறிய கலவாய்

ஞாயிறு இரவு

மூத்த பேரன் கொழும்பில் இஞ்சினியர். அவனுக்கு இளையவள் வெல்லாவெளியில் டீச்சர். கல்லடியில் இருக்கும் சின்ன மகளின் பெடியன் புலமைப்பரிசில் பாஸ். இப்போது என் பேத்தி தர்ஷியும் இலங்கை அணியோடு வெளிநாடு போய், மீன் குத்தும் போட்டியில் மூன்றாமிடம் எடுத்துவிட்டாள். பழைய முறைப் போட்டி. மீன் சுடும் துவக்கு கிடையாது, வெறும் கை ஈட்டிதான். மூச்சைப் பிடித்துக் கடலுக்கடியில் போய்க் குத்த வேண்டும்.

மாலையில் போன் எடுத்தாள்.

"அம்மம்மா, என்ட பெரிய கலவாயை அவங்க நிறுக்கவே இல்ல. குத்தின கையோட வள்ளத்தில வச்சு, வயித்தக் கீறிக் குடலை எடுத்துப்போட்டன். முழுமீன்தான் கணக்காம்."

"நம்மட வீட்டுப் பழக்கம் போகுமா, புள்ள?"

"கெப்டன் ஏசினவர். பிறகு அவரே சிரிச்சிட்டார். அந்த மீனும் கணக்கில சேர்ந்திருந்தா நாங்கதான் முதலாமிடம்!"

நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்தக் கலவாயைத் தூக்கிப் பிடித்தபடி பேஸ்புக்கில் படமும் போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் காட்டினேன்.

"என்னகா இது, வயிறு கீறிக் கிடக்கு? சந்தையில வாங்கின மீனோ?" என்றாள்.

"ஓம்கா, கடலுக்கடியில சந்தை போட்டிருக்காங்க" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனம் ஆறவில்லை. விடிந்தால் பெரியகல்லாறு முழுக்க இது சந்தை மீன் என்று பாக்கியம் சொல்லித் திரிவாள்.

தர்ஷி, காலையில் உனக்குப் போனில் சொல்லப்போவது இதுதான். போட்டி முடிந்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை கடலில் இறங்கு. கத்தியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, முழுமீனோடு புதுப்படம் ஒன்று எடுத்துப் போடு.