குளத்தூர்ப் பள்ளம்

பாறசாலை, 1954

அன்புள்ள அண்ணா,

நீங்கள் பொருத்திய போலீஸ் வயர்லெஸ் இங்கே எந்த இடத்தில் கேட்கவில்லை என்று பார்த்து எழுதச் சொன்னீர்கள். குளத்தூர்ப் பள்ளத்தில் கேட்கவில்லை.

நேற்று நம் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு அங்கே ஊர்வலம் போனது. முன்னால் அப்பா. ஜீப்பில் இருந்த போலீஸ்காரர் வயர்லெஸ் பெட்டியைப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். "ஏமானே, இன்னும் கொஞ்சம் சத்தமா விளியும். பெட்டி இல்லாமலே திருவனந்தபுரத்துக்குக் கேக்கும்!" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். உடனே தடியடி தொடங்கியது.

நான் மேட்டில் நின்றேன். குரல் கிடைக்குமா என்று ஜீப் மேடேறியதும் பெட்டி பேசியது: "அடிக்கண்டா, ஆரையும் அடிக்கண்டா." "அடிக்க வேண்டாமாம்!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினேன். யார் காதிலும் விழவில்லை.

அப்பாவுக்கு வலது கை அசையவில்லை. "மக்கா, அந்தப் பள்ளத்த அண்ணனுக்கு எழுதிராத. போலீசுக்கு அங்க காது கேக்காது, அதாக்கும் நமக்கு நல்லது" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கேதான் கூட்டம். பெட்டி சொன்னதை நான் சொல்லியும் அவர் நம்பவில்லை.

மேட்டில் இன்னொரு ஜீப் நின்று, கேட்டதைக் கீழே அனுப்பினால் போதுமல்லவா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா?

அடுத்த முறை அந்தக் குரல் "அடி" என்று சொன்னால், அதுவும் தெளிவாகக் கேட்குமே அண்ணா. எழுதி முடித்த பிறகுதான் தோன்றியது. இதைக் கிழிக்கவும் என்னால் முடியவில்லை.

உங்கள் தங்கை