காய்ச்சலோடு பார்த்த கேஸ்

13.1.62, சனி

காலையில் பனி. சிறுமலை கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு நாளாக உடம்பு வலி, இன்று காய்ச்சலும். 101. ஏ.பி.சி. மாத்திரை ஒன்று, சுக்குக் காப்பி.

கம்பவுண்டர் செல்லையா மத்தியானமே பண்டிகைக்கு ஊருக்குப் புறப்பட்டார். "செவ்வாக்கெழம வாரேம்மா. யாரு வந்தாலும் கதவத் தொறக்காதீக." வாசலில் 'விடுமுறை' என்று அட்டை மாட்டிவிட்டுப் போனார். அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர் யாரும் இல்லை.

கரும்பு வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டவர். வயிற்றுப்போக்கு ஒன்று. காதுக்குள் மொச்சைப் பயறு, ஐந்து வயதுப் பெண்.

வெளியே ஒருத்தி இன்னொருத்தியிடம்: "அவுகளுக்கு என்ன, ஒண்டிக்கட்ட. எந்நேரமும் வரலாம்." எனக்கும் கேட்டது. குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னாள்.

பாளையங்கோட்டையிலுள்ள தம்பிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காய்ச்சல் என்று எழுதினால் பயப்படுவான். வேறு எழுத ஒன்றுமில்லை. படுத்துவிட்டேன்.

14.1, ஞாயிறு, பொங்கல்

எதிர்வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல். வாயெல்லாம் கசப்பு, மூடி வைத்தேன். குளிர், நடுக்கம், இரண்டு கம்பளி.

மத்தியானம் கதவை இடித்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் பெருமாள், அவர் மனைவி மூக்கம்மா. அவள் தோளில் மகன் முத்து, நாலு வயது. பஸ்ஸிலேயே நீலம் பாரித்துவிட்டானாம். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிவரை தாங்காது என்று கண்டக்டர் என் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்.

"மூணு நாளாத் தொண்ட வலிங்குறான். பண்டிக முடியட்டும்னு இருந்துட்டோம்" என்றார் பெருமாள்.

வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. தொண்டை அடைப்பான், டிப்தீரியா. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போயிற்று. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தாக வேண்டும். படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை செய்தது, அதுவும் பேராசிரியர் பக்கத்தில் நிற்க. இங்கே கேட்க ஆளில்லை. கையை நீட்டிப் பார்த்தேன். விரல்கள் ஆடின.

சொன்னேன். "பொழச்சுக்குவானா?" என்றார் பெருமாள்.

"போடாவிட்டால் இல்லை. போட்டாலும் உறுதி சொல்ல முடியாது."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கம்மாதான் "போடுங்க தாயி" என்றாள்.

சாப்பாட்டு மேஜை, ஜன்னலோரம். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் அடங்க முழங்கைகளை மேஜையில் அழுத்தி ஊன்றினேன். முதல் கீறல் தள்ளிப் போய்விட்டது. ரத்தம். பையனுக்கு மூச்சு நின்றது. விரலால் தடவி மூச்சுக்குழாயைக் கண்டுபிடித்து மறுபடி கீறினேன். உஸ்ஸென்று காற்று. இருமினான். குழாயைச் செருகிக் கட்டினேன். உதட்டில் மெல்ல நிறம் வந்தது.

நோயின் விஷத்தை முறிக்கிற சீரம் ஊசி கைவசம் இல்லை. மருந்துக் கடைகள் பூட்டு. பெருமாள் ஒரு கடைக்காரர் வீட்டுக்கே ஓடிப்போய்க் கேட்டு, வெறுங்கையோடு வந்தார். மதுரைதான். வாடகைக் காரில் நானும் ஏறினேன். குழாயில் சளி அடைக்க அடைக்க எடுத்துவிட வேண்டும்.

சின்னாளப்பட்டி தாண்டும்போது மூக்கம்மா கை என்மேல் பட்டது. "இம்புட்டுக் கொதிக்குது. காய்ச்சலோடயா பாத்தீக?"

குழாயில் கட்டிய சளியை எடுத்துவிட்டேன்.

"வீட்டுல பாத்துக்க ஆளு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

15.1, திங்கள்

நேற்று இருட்டுகிற நேரத்தில் மதுரை சேர்ந்தோம். உடனே சீரம் போட்டார்கள். டூட்டி டாக்டர் சின்ன வயது. கீறலைப் பார்த்து, "கொஞ்சம் கோணல்தான் மேடம். ஆனா சரியான இடம்" என்றார். ஒரு கேஸைப் பற்றி இன்னொரு டாக்டரோடு பேசி எத்தனை நாள். இன்னும் செத்த நேரம் பேசியிருப்பேன், அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ராத்திரியே அதே காரில் வீடு. 103.

இன்று முழுக்கப் படுக்கை. தெருவில் மாட்டு மணிச் சத்தம். மத்தியானம் கதவைத் தட்டினார்கள். எழுந்தேன், தலை சுற்றிக் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். குரல் கொடுத்தேன், எட்டவில்லை. "ஆளு இல்ல போல, வா" என்றது ஒரு ஆண் குரல். கூடவே ஒரு குழந்தை அழுகை. தூரப் போய்விட்டது.

யார், என்ன வியாதி, எங்கே போனார்கள்?

16.1, செவ்வாய்

செல்லையா வந்தார். என்னைப் பார்த்துவிட்டு நேரே போய்க் கஞ்சி வைத்தார். நேற்று வந்தது யாரென்று தெருவில் விசாரிக்கச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை.

20.1, சனி

பெருமாள் வந்தார், மதுரையிலிருந்து நேரே. முத்துவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்களாம். "இட்டிலி கேக்குறாம்மா. இன்னும் சத்தம்தான் வரல, சைகையில கேக்குறான்" என்று சிரித்தார். பிறகு, "அவ கேட்டுட்டு வரச் சொன்னா. காய்ச்சல் விட்டுருச்சா?"

"விட்டுவிட்டது."

"அவகிட்டச் சொல்லிர்றேன்" என்று பஸ்ஸுக்கு ஓடினார். காப்பி சாப்பிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்.